அப்பாவின் இரைப்பைப் புற்றுநோய்க்கு ‘எக்சோசோம்’ ஊசி போடலாமா?

தென்மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், மருத்துவமனை விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 58 வயது. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது, எடை குறைகிறது என்று மருத்துவரிடம் போயிருக்கிறார்கள். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண் தெரிந்தது, பயாப்ஸியில் புற்றுநோய் உறுதியானது. சி.டி. ஸ்கேனில் கல்லீரலில் மூன்று இடங்களில் பரவல். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆக்சாலிபிளாட்டின் ஊசியும் கேப்சிடபின் மாத்திரையும் தொடங்கி, மூன்று வாரத்துக்கு ஒன்றாக இரண்டு சுற்று முடிந்திருக்கிறது. இப்போது விரல்நுனி மரத்துப்போகிறது, குளிர்ந்த தண்ணீரைத் தொட முடியவில்லை, உள்ளங்கை சிவந்து தோல் உரிகிறது. ‘மருந்து நோயைக் கொல்கிறதோ இல்லையோ, அப்பாவைக் கொல்கிறது’ என்று எழுதியிருக்கிறார்.

இதற்கிடையில் அவருடைய மாமா வெளியூரில் ஒரு தனியார் கிளினிக்கைக் கண்டுபிடித்திருக்கிறார். ‘ஸ்டெம்செல் எக்சோசோம் ஜீன் தெரபி’ என்று பெயர். ஆறு முறை டிரிப், ஒரு முறைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய். முதல் டிரிப்புக்கான பணத்தை முன்பணமாகக் கட்டியாகிவிட்டது. ‘கீமோவை நிறுத்தினால்தான் இது வேலை செய்யும்’ என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். ரசீதில் இருப்பதோ ‘ரீஜெனரேட்டிவ் வெல்னஸ் பேக்கேஜ்’. ஒரு டோஸில் 5,000 கோடி எக்சோசோம் இருப்பதாக ஒரு தாளும் கொடுத்திருக்கிறார்கள். எலிகளில் இந்த முறையால் கட்டி சுருங்கியதாக வாசகியும் படித்திருக்கிறார்.

அவர் கேட்பவை: இது உண்மையா? கீமோவை நிறுத்தலாமா? பிறருடைய செல் வேண்டாமென்றால் அப்பாவின் ரத்தத்திலிருந்தே எக்சோசோம் எடுக்க முடியுமா? கட்டிய பணம் திரும்புமா? தனக்கும் தம்பிக்கும் இந்த நோய் வருமா? பயாப்ஸி அறிக்கையின் நகலையும் இணைத்திருக்கிறார். அதில் ஒரு வரியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. என் பதிலில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வரிதான்.

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த டிரிப்பைப் போட வேண்டாம். மூன்றாவது சுற்றுக் கீமோவுக்குக் குறித்த தேதியில் மருத்துவமனைக்குப் போங்கள், கை காலில் உள்ள தொந்தரவுகளை அங்கே சொல்லுங்கள். காரணங்களைக் கீழே விளக்குகிறேன். மாமாவையும் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் அக்கறையால்தான் தேடியிருக்கிறார்.

நீங்கள் படித்தது பொய்யில்லை

நம் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் கொழுப்புச் சவ்வால் ஆன நுண்ணிய குமிழ்களை வெளியே விடுகின்றன. அவற்றில் 30 முதல் 150 நானோமீட்டர் வரை அளவுள்ள ஒரு வகைதான் எக்சோசோம். 1980களில் இளம் சிவப்பணுக்களை ஆராய்ந்தவர்கள் இதைப் பார்த்தபோது, செல் தனக்கு வேண்டாததை வெளியேற்றும் வழி என்றே நினைத்தார்கள். 2007இல் சுவீடன் ஆய்வாளர்கள் இந்தக் குமிழ்களுக்குள் ஆர்.என்.ஏ. (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) இருப்பதையும், அது போய்ச் சேரும் செல்லில் வேலை செய்வதையும் காட்டினார்கள். அப்படியானால் நாம் விரும்பும் ஆர்.என்.ஏ.வை உள்ளே வைத்து அனுப்பலாமே என்ற எண்ணம் அதன்பின் வேகம் பிடித்தது.

அனுப்ப நினைப்பது பெரும்பாலும் சிறு குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 21 எழுத்து இணைகள் கொண்ட ஒரு துண்டு. செல்லுக்குள் நுழைந்துவிட்டால், தனக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வைத் தேடி வெட்டச் செய்யும். அந்த மரபணு சொல்லும் புரதம் உருவாகாது. ஆனால் இதை வெறுமனே ரத்தத்தில் ஏற்றினால் நொதிகள் சில நிமிடங்களில் சிதைத்துவிடும், எஞ்சியதைச் சிறுநீரகம் வடித்துவிடும். அதனால்தான் ஓர் உறை தேவைப்படுகிறது.

2017இல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் ராகு கள்ளூரியின் குழு, கே-ராஸ் மரபணுவின் ஒரு குறிப்பிட்ட பிழையைக் குறிவைக்கும் ஆர்.என்.ஏ.வை எக்சோசோமில் ஏற்றி, கணையப் புற்றுநோய் வந்த எலிகளுக்குக் கொடுத்தது. நோய் கட்டுப்பட்டது, எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. இரைப்பைப் புற்றுநோயிலும் இப்படி ஆய்வுகள் உண்டு. புதிய ரத்தக்குழாய்கள் முளைக்க உதவும் எச்.ஜி.எஃப். என்ற காரணியை அடக்கும் ஆர்.என்.ஏ.வை ஏற்றி எலிக்கட்டியின் வளர்ச்சியைக் குறைத்திருக்கிறார்கள். சிஸ்பிளாட்டின் மருந்துக்கு மசியாத செல்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-214 என்ற, செல்லே உண்டாக்கும் சிறு ஆர்.என்.ஏ.வை அடக்கி, மருந்து மறுபடி வேலை செய்யும்படி செய்திருக்கிறார்கள்.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். இத்துறையில் அதிகம் பயன்பட்ட செல் வரிசைகளில் ஒன்று எஸ்.ஜி.சி-7901. இரைப்பைப் புற்றுநோய்ச் செல் என்ற பெயரில் பல ஆய்வகங்களில் வளர்க்கப்பட்டது. பின்னாளில் மரபணு அடையாளச் சோதனை செய்தபோது, அது கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து 1951இல் எடுக்கப்பட்ட ஹீலா செல்லின் வழிவந்தது என்று தெரிந்தது. அதனால் அந்த ஆய்வுகள் முழுக்க வீண் என்று ஆகிவிடாது, குமிழ் ஆர்.என்.ஏ.வைச் சுமந்து செல்லும் என்பது உண்மைதான். ஆனால் ‘இரைப்பைப் புற்றுநோயில் வேலை செய்தது’ என்ற வாக்கியத்தின் பலம் பாதியாகிவிடுகிறது.

எலிக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருப்பவை

முதல் தடை, உள்ளே ஏற்றுவது. ஆர்.என்.ஏ.வை எக்சோசோமுக்குள் புகுத்தப் பரவலாகச் செய்வது மின்துடிப்பு கொடுத்துச் சவ்வில் கணநேர ஓட்டைகளை உண்டாக்குவது. இதில் ஆர்.என்.ஏ. துண்டுகள் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகிவிடும். அந்தத் திரள் குமிழோடு சேர்ந்தே அடியில் படிவதால், அளந்து பார்ப்பவருக்கு நிறைய ஏறிவிட்டதுபோலத் தோன்றும். 2013இலேயே நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். இயற்கையான எக்சோசோமிலும் சரக்கு குறைவு. எந்த ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை எடுத்துக்கொண்டாலும் சராசரியாகக் குமிழுக்கு ஒன்றுகூட வராது என்று 2014இல் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது தடை, போகும் இடம். நரம்பு வழியாக ஏற்றிய எக்சோசோமில் பெரும்பகுதி கல்லீரல், மண்ணீரல், நுரையீரலில் தங்கிவிடும். ரத்தத்தில் நிமிடக்கணக்கில்தான் தங்கும். இரைப்பைக் கட்டிக்குப் போய்ச் சேர்வது சொற்பம்.

‘அப்பாவுக்குக் கல்லீரலில்தானே பரவியிருக்கிறது, அப்படியானால் நல்லதுதானே?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான கேள்வி. கல்லீரலில் இவற்றை அதிகம் விழுங்குவது புற்றுச்செல் இல்லை, அங்கே காவல் இருக்கும் விழுங்கணுக்கள். இதையே சாதகமாக்க ஒரு முயற்சி நடந்தது. அமெரிக்காவின் கோடியாக் நிறுவனம், அந்த விழுங்கணுக்களில் ஸ்டாட்-6 என்ற மரபணுவை அடக்கி அவற்றைப் புற்றுநோய்க்கு எதிராகத் திருப்ப நினைத்தது. அதன் முதல்கட்டச் சோதனையில் இரைப்பையிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய நோயாளிகளும் சேர்க்கத் தகுதி பெற்றிருந்தார்கள், அதாவது அப்பாவைப் போன்றவர்கள். 2023இல் அந்த நிறுவனம் திவாலானது, சோதனையும் நின்றுபோனது. பலன் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லும் அளவுக்கு அது போகவே இல்லை.

மூன்றாவது தடையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். செல் குமிழை விழுங்கினாலும் அது முதலில் ஒரு பைக்குள்தான் அடைபடுகிறது. அந்தப் பையை உடைத்துக்கொண்டு ஆர்.என்.ஏ. வெளியே வந்தால்தான் வேலை நடக்கும். பெரும்பாலானவை வெளியே வராமலே செரிக்கப்பட்டுவிடும். தபால் வீட்டு வாசல்வரை வந்து, பிரிக்கப்படாமலே குப்பைக்குப் போவதைப் போல.

இத்தனையையும் தாண்டி மனிதருக்கு வந்தது எது என்றால், முதல்கட்டச் சோதனைகள்தான். எம்.டி. ஆண்டர்சன் மையமே கணையப் புற்றுநோயில், அந்தக் குறிப்பிட்ட கே-ராஸ் பிழை உள்ளவர்களிடம் ஒன்றைத் தொடங்கியது. முதல்கட்டம் என்றால் எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று பார்ப்பது. இரைப்பைப் புற்றுநோய்க்கு எக்சோசோமில் ஆர்.என்.ஏ. ஏற்றித் தரும் மருந்து எதுவும் உலகில் எந்த நாட்டிலும் அங்கீகரிக்கப்படவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரிலேயே, தான் எந்த எக்சோசோம் பொருளையும் அங்கீகரிக்கவில்லை என்று பொதுமக்களை எச்சரித்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில் இவற்றைப் போட்டுக்கொண்ட சிலருக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டதை ஒட்டி வந்த எச்சரிக்கை அது.

கிளினிக் கொடுத்த தாளில் இல்லாதவை

5,000 கோடி என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். அந்த எண்ணிக்கையைத் தரும் கருவி, திரவத்தில் அசையும் துகள்களின் ஒளிச்சிதறலைப் பார்த்து எண்ணுகிறது. கொழுப்புப் புரதத் துகளானாலும், புரதத் திரளானாலும், உடைந்த செல்லின் துணுக்கானாலும் அதற்கு எல்லாம் ஒன்றுதான். இருப்பது எக்சோசோம்தான் என்று காட்ட வேண்டுமானால் சி.டி.9, சி.டி.63, சி.டி.81 போன்ற அடையாளப் புரதங்கள் இருப்பதையும், செல்லின் உட்பகுதிப் புரதமான கால்நெக்சின் இல்லாததையும், மின்னணு நுண்ணோக்கிப் படத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். உங்கள் தாளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

‘ஜீன் தெரபி’ என்கிறார்களே, எந்த ஜீன்? எந்த ஆர்.என்.ஏ., டோஸுக்கு எவ்வளவு? அந்த மரபணுக் கோளாறு அப்பாவின் கட்டியில் இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்? கட்டியின் பயாப்ஸித் துண்டை அவர்கள் கேட்கவே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் குறி பார்த்துத் தாக்குகிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏற்றப்போவது, எதுவும் நிரப்பாத வெறும் ஸ்டெம்செல் எக்சோசோமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அங்கேதான் என் உண்மையான பயம். எலும்பு மஜ்ஜையின் மீசன்கைமல் ஸ்டெம்செல்லிலிருந்து வந்த எக்சோசோம், எலிகளில் கட்டியின் வளர்ச்சியைக் கூட்டியதாகச் சீன ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள். 2015இல், மீசன்கைமல் ஸ்டெம்செல்லின் எக்சோசோம் இரைப்பைப் புற்றுச்செல்லை 5-எஃப்.யு. மருந்துக்கு மசியாததாக்குகிறது என்று காட்டினார்கள். அப்பா விழுங்கும் கேப்சிடபின் மாத்திரை உடம்புக்குள் 5-எஃப்.யு. ஆகத்தான் மாறுகிறது. இவையும் ஆய்வகச் செய்திகளே, செல் வரிசை பற்றி நான் முன்பு சொன்ன எச்சரிக்கை இவற்றுக்கும் பொருந்தும். ஆனாலும், நன்மைக்கு ஆதாரமில்லாமல் கெடுதலுக்குச் சமிக்ஞை மட்டும் இருக்கும் ஒன்றைக் கையில் ஒன்றரை லட்சம் கொடுத்து ஏற்றிக்கொள்வதை நான் எப்படி ஆதரிக்க முடியும்?

தொற்று இன்னொன்று. பாக்டீரியாவை அகற்ற 0.22 மைக்ரான் வடிகட்டி பயன்படுத்துவார்கள். எச்.ஐ.வி.யும் மஞ்சள்காமாலை பி வைரஸும் எக்சோசோமின் அளவிலேயே இருப்பவை, அவை அந்த வடிகட்டியைக் கடந்துவிடும். செல் தந்தவரைச் சோதித்த சான்று இல்லையென்றால் காப்பு எதுவும் இல்லை. கீமோவால் வெள்ளணு குறைந்திருக்கும் ஒருவருக்குப் பாக்டீரியா கலந்த டிரிப் ஏறினால் ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகும்.

அப்பாவின் சொந்த ரத்தத்திலிருந்து எடுத்தால் என்ன என்று கேட்டீர்கள். அந்நியப் பொருள் இல்லை என்பதால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அவர் ரத்தத்தில் ஓடும் எக்சோசோம்களில் அந்தப் புற்றுநோயே வெளியிட்டவையும் இருக்கின்றன. இரைப்பைப் புற்றுநோயின் எக்சோசோம், ஈ.ஜி.எஃப்.ஆர். புரதத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுபோய், பரவல் குடியேற இடம் பண்படுத்துகிறது என்று 2017இல் ஓர் ஆய்வு சொன்னது. நல்லதையும் கெட்டதையும் பிரித்தெடுக்க இன்று வழியில்லை. நோய் எதிர்ப்புச் செல்லை வளர்த்து, அதன் எக்சோசோமைத் தடுப்பூசிபோலத் தரும் முயற்சி பிரான்சில் நடந்தது. நுரையீரல் புற்றுநோயாளிகள் 22 பேரிடம் சோதித்து 2016இல் முடிவு வந்தது. பாதிப் பேருக்காவது நான்கு மாதம் நோய் கட்டுப்பட வேண்டும் என்பது இலக்கு. ஏழு பேருக்குத்தான் கட்டுப்பட்டது.

அறிக்கையில் இருக்கும் அந்த ஒரு வரி

இப்போது பயாப்ஸி அறிக்கைக்கு வருகிறேன். இரண்டாம் பக்கத்தில், கீழே, ‘ஹெர்-2: 2+, ஐயத்துக்கிடமானது, ஃபிஷ் சோதனை செய்யவும்’ என்று இருக்கிறது. அந்தச் சோதனை செய்யப்பட்டதற்கான தாள் நீங்கள் அனுப்பியதில் இல்லை. கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் இப்படி ஒரு வரி நழுவிப்போவது நடக்கக்கூடியதே.

ஹெர்-2 என்பது ஒரு மரபணு. சிலருடைய கட்டியில் அது அளவுக்கு மீறிப் பெருகி, வளர்ச்சிக்குத் தூண்டுதல் தந்துகொண்டே இருக்கும். சாயமிட்டுப் பார்க்கும் சோதனையில் 0, 1+ என்றால் இல்லை. 3+ என்றால் உண்டு. 2+ என்றால் சொல்ல முடியாது, மரபணுவையே ஒளிரவைத்து எண்ணும் ஃபிஷ் சோதனை வேண்டும். ஹெர்-2 புள்ளிகளை 17ஆம் குரோமோசோம் புள்ளிகளால் வகுத்து, விகிதம் 2 அல்லது அதற்கு மேல் வந்தால் உண்டு என்று பொருள்.

உண்டு என்று வந்தால், இப்போது போகும் அதே கீமோவோடு டிராஸ்டுசுமாப் என்ற ஊசியைச் சேர்க்கலாம். முதல் முறை உடல் எடையின் கிலோவுக்கு 8 மில்லிகிராம், பின்பு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 6 மில்லிகிராம். தொடங்கும் முன் எக்கோ எடுத்து இதயத்தைப் பார்ப்பார்கள். 2010இல் வெளியான பன்னாட்டுச் சோதனையில், 3+ வந்தவர்களையும் 2+ வந்து ஃபிஷ் உறுதியானவர்களையும் சேர்த்துப் பார்த்தபோது, கீமோ மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 11.8 மாதம். ஊசியும் சேர்ந்தவர்களுக்கு 16 மாதம். இது எலிக்கணக்கு இல்லை, மனிதர்களிடம் சீட்டுக்குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனை. இந்த மருந்தின் உயிரொப்பு வடிவங்கள் (அதே வேலையைச் செய்யும்படி வேறு நிறுவனங்கள் தயாரிப்பவை) 2014 முதல் இந்தியாவிலேயே தயாராகி விற்கப்படுவதால் விலையும் இறங்கியிருக்கிறது.

மரபணு சார்ந்த சிகிச்சை வேண்டும் என்று வெளியூர்வரை தேடிப்போயிருக்கிறீர்கள். மரபணுவைப் பார்த்து மருந்தைத் தீர்மானிக்கும் வழி அப்பாவின் ஃபைலிலேயே திறந்து கிடக்கிறது. ஃபிஷ் சோதனைக்கு ஆகும் செலவு, நீங்கள் கட்டிய முன்பணத்தில் ஒரு சிறு பகுதிதான். மறுபடி எண்டோஸ்கோப்பி தேவையில்லை. பயாப்ஸித் துண்டு மெழுகுக் கட்டியாக, ‘பிளாக்’ என்று பேத்தாலஜி பிரிவில் பத்திரமாக இருக்கும்.

இல்லை என்று வந்தாலும் வழி அடைபடாது. அதே பிளாக்கில் எம்.எஸ்.ஐ. (மரபணுப் பிழைகளைச் செல் திருத்த முடியாமல் போனதன் அடையாளம்), பி.டி.எல்-1 (எதிர்ப்புச் செல்களைத் தடுக்கும் புரதம்), கிளாடின் 18.2 (புற்றுச்செல்லின் மேலுள்ள ஒரு புரதம்) ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லலாம். எம்.எஸ்.ஐ. கூடுதலாக இருப்பவர்கள் சிலரே, ஆனால் அவர்களுக்கு எதிர்ப்பாற்றல் சிகிச்சை (இம்யூனோதெரபி) மிக நன்றாக வேலை செய்யும். பி.டி.எல்-1 மதிப்பெண் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால், கீமோவோடு நிவோலுமாப் என்ற எதிர்ப்பாற்றல் மருந்தைச் சேர்ப்பதால் இடைநிலை ஆயுள் 11.1 மாதத்திலிருந்து 14.4 மாதமானது. கிளாடினைக் குறிவைக்கும் சோல்பிடக்சிமாப் என்ற மருந்து 2024இல்தான் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இவை விலை கூடிய மருந்துகள். எது கைக்கு எட்டும், எது எட்டாது என்று உங்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள், கடன் வாங்கிவிட்டுப் பேச வேண்டாம்.

நீங்கள் நேரடியாகக் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லீரலுக்குப் பரவிய இரைப்பைப் புற்றுநோயை இன்றைய மருந்துகளால் வேரோடு அகற்றிவிட முடிவது மிக அரிது. நோயை அடக்கி, அப்பா சாப்பிடவும் நடமாடவும் கூடிய மாதங்களைக் கூட்டுவதே நோக்கம். மேலே சொன்ன எண்கள் இடைநிலை அளவுகள்தான், அதைவிட நெடுநாள் வாழ்பவர்களும் உண்டு. ‘முழுக் குணம்’ என்று ஒருவர் உறுதி கொடுத்தால், கொடுத்தவரைச் சந்தேகியுங்கள்.

கீமோ அப்பாவைக் கொல்கிறதா?

சோர்வையும் கை எரிச்சலையும் வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்ட முடியாது. அது சி.டி.யில்தான் தெரியும். மூன்று அல்லது நான்கு சுற்று முடிந்ததும் எடுப்பார்கள். அதற்கு முன் நிறுத்தினால் பலன் இருந்ததா என்றே தெரியாமல் போய்விடும்.

மரத்துப்போவதும் குளிர் தாங்காததும் ஆக்சாலிபிளாட்டினால் வருபவை. ஊசி போட்ட முதல் ஐந்தாறு நாள் வெதுவெதுப்பான தண்ணீர்தான் குடிக்கவும் புழங்கவும். ஃபிரிட்ஜைத் திறக்கும் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். அடுத்த சுற்றுவரை மரப்பு நீங்காமல் இருந்தால், சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறினால், அளவைக் குறைக்கவோ அந்த ஊசியை மட்டும் நிறுத்தவோ செய்வார்கள். கை கால் தோல் உரிவது கேப்சிடபினால். 10 சதவீத யூரியா கிரீமைக் காலை மாலை தடவுங்கள், இறுக்கமான செருப்பும் வெந்நீரும் வேண்டாம். மாத்திரையைச் சாப்பாடு முடிந்த அரைமணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். வலி வந்து வேலைக்குத் தடையானால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் சொல்லுங்கள், தோல் ஆறியபின் குறைந்த அளவில் தொடங்குவார்கள். அளவைக் குறைத்தால் பலன் போய்விடும் என்று பயந்து தொந்தரவுகளை மறைப்பதுதான் கெடுதல்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, வழக்கத்தைவிட நான்கு தடவைக்கு மேல் வயிற்றுப்போக்கு போனாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ, விழுங்கியதெல்லாம் வாந்தியானாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இரவானாலும் கிளம்புங்கள். சாப்பாட்டை மூன்று வேளையாக இல்லாமல் ஆறு ஏழு வேளையாகப் பிரித்து, முட்டை, தயிர், பருப்பு, மீன் என்று புரதம் உள்ளதைக் கொடுங்கள். அதே மருத்துவமனையில் வலி நிவாரணப் பிரிவு இருந்தால் இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள். கடைசி நாட்களுக்கு மட்டுமான பிரிவு என்று பலர் தவறாக நினைத்து ஒதுங்கிப்போகிறார்கள்.

பணமும் உங்கள் உரிமையும்

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி ஸ்டெம்செல்லிலிருந்து பெறும் பொருளும் ஜீன் சிகிச்சைப் பொருளும் எப்போதுமே ‘புதிய மருந்து’ என்ற கணக்கில்தான் வரும். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியில்லாமல் விற்க முடியாது. அந்த கிளினிக் தன் விளம்பரத்தில் இரண்டு பெயரையுமே சொல்லிக்கொள்கிறது. ‘இது ஆராய்ச்சி’ என்று சொன்னால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். அந்தப் பதிவேடு இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கக்கூடியது. முறையான சோதனையில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், உங்கள் மொழியில் எழுதிய ஒப்புதல் படிவம் தருவார்கள், சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு கேட்கமாட்டார்கள். எந்த இடத்திலும் இந்த ஒன்றை உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம்.

புற்றுநோயைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. விளம்பரத்தின் படத்தையும், ‘கீமோவை நிறுத்துங்கள்’ என்று வந்த குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வையுங்கள். சிகிச்சை இன்னும் தொடங்காததால், முன்பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத்தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதில் நோயின் பெயர், அவர்கள் வாக்களித்த சிகிச்சையின் பெயர், ரசீது எண், 15 நாள் அவகாசம் எல்லாம் இருக்கட்டும். ரசீதில் ‘வெல்னஸ்’ என்று மாற்றி எழுதியது அவர்களுக்குப் பாதுகாப்பு என்று நினைத்துத்தான். உங்கள் கடிதமும் குறுஞ்செய்திகளும் அதற்குப் பதிலாக இருக்கும். தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையான புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதல் ஆலோசனை கிடைக்கும். முழுத்தொகையும் வருமென்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ‘கட்டிய பணம் வீணாகிறதே, ஒரு டிரிப்பாவது போட்டுவிடலாம்’ என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்.

இந்த வாரம்

மூன்றாவது சுற்றுக்குப் போகும்போது அறிக்கையின் அந்த வரியைக் கோடிட்டுக் காட்டி, ‘ஃபிஷ் முடிவு வந்துவிட்டதா, இல்லையென்றால் எங்கே அனுப்பலாம்?’ என்று கேளுங்கள். அந்த வசதி அங்கே இல்லையென்றால், பேத்தாலஜி பிரிவில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துப் பிளாக்கைப் பெற்று, புற்றுநோய்ச் சோதனைகள் செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பயாப்ஸி எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், சோதனை முடிந்ததும் பிளாக்கைத் திருப்பி வாங்குங்கள், பின்னால் தேவைப்படும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. டிராஸ்டுசுமாப் தேவைப்பட்டால் அதில் வருமா என்று மருத்துவமனையிலேயே இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். கிளினிக்கைப் பற்றியும் உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வாரோ என்ற பயத்தில் மறைத்துவிட்டு, இரண்டு சிகிச்சையும் ஒரே சமயத்தில் நடந்தால் அப்பாவுக்குத்தான் ஆபத்து.

கடைசியாக உங்களையும் தம்பியையும் பற்றி. பெற்றோருக்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு ஓரளவு கூடும், ஆனால் பெரும்பாலும் இது நேரடியாகக் கடத்தப்படும் பரம்பரை நோய் இல்லை. அப்பாவின் அறிக்கையில் ‘பரவு வகை’ (டிஃப்யூஸ்: செல்கள் ஒன்றாகத் திரளாமல் சிதறி வளரும் வகை, வேறு உறுப்புக்குப் பரவுவதை இது குறிக்காது) என்று இல்லாததும், குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாததும் நல்ல செய்தி. நீங்கள் இருவரும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்று பாருங்கள். கொரியாவில், இரைப்பைப் புற்றுநோயாளிகளின் நெருங்கிய ரத்த உறவினர்களில் இந்தக் கிருமி இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்துப் பின்தொடர்ந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களில் 1.2 சதவீதத்தினருக்கும், எடுக்காதவர்களில் 2.7 சதவீதத்தினருக்கும் புற்றுநோய் வந்தது. மலத்தில் ஆன்டிஜென் சோதனை அல்லது மூச்சுச் சோதனை போதும். சோதனைக்கு இரண்டு வாரம் முன்பிருந்து வயிற்றுப்புண் மாத்திரைகளையும், நான்கு வாரம் முன்பிருந்து ஆன்டிபயாட்டிக்குகளையும் எடுத்திருக்கக் கூடாது, எடுத்திருந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். இருப்பது தெரிந்தால் 14 நாள் மாத்திரை. முடித்து நான்கு வாரம் கழித்து, போய்விட்டதா என்று மறுபடி ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.